20 விநாடி கார்ட்டூன், உங்கள் கையால், உங்கள் குரலால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இதைப் படிப்பவர் ஒரு மாத மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு, 20 விநாடி ஓடும் பேசும் கார்ட்டூன் ஒன்றைத் தாமே வரைந்து, தாமே குரல் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அனிமேஷனையும் குரல் நடிப்பையும் இரண்டு தனித்தனித் தொழில்களாகக் கற்பிப்பதே வழக்கம். பெரிய ஸ்டுடியோக்களில் வேலையும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தொடங்குகிறவர் இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காகிதத்தில் இருக்கும் ஓர் உருவம் எப்போது மூச்சு வாங்குகிறது, எந்தச் சொல்லுக்கு முன் தயங்குகிறது, எங்கே பொய் சொல்கிறது என்பவற்றையெல்லாம் குரலே தீர்மானிக்கிறது. அந்தத் தயக்கத்தைத் தம் தொண்டையிலேயே உணர்ந்தவர் வரையும்போது எந்தப் படத்தில் புருவம் உயர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு இது புதிய கலை அன்று. தோல்பாவைக்கூத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒரே கலைஞர் ராமனையும் சீதையையும், கோமாளிகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தம் கைகளால் ஆட்டிக்கொண்டே, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரலில் பேசுவார். கை அசையும் கணத்திலேயே குரலும் பிறப்பதால் இரண்டுக்கும் இடையே பொருத்தம் பார்க்கும் வேலையே அங்கு இல்லை. அனிமேஷனில் அந்த ஒரு கணம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: குரலை ஒரு நாள் பதிகிறோம், அசைவைப் பல நாள் வரைகிறோம். பிரிந்ததை மறுபடி ஒன்றாகத் தைப்பதுதான் இந்தக் கலையின் உழைப்பு. இதன் இன்பமும் அதிலேதான் இருக்கிறது.

குரல் நடிப்பின் ஈர்ப்பு, நம் உடல் நமக்குப் போட்டிருக்கும் வேலியை அது பொருட்படுத்துவதில்லை என்பதே. 1936இல் பிறந்த மசாக்கோ நோசாவா என்ற ஜப்பானியப் பெண்மணி 1986 முதல் டிராகன் பால் என்ற கார்ட்டூன் தொடரில் கோகு என்ற வீரனுக்குக் குரல் கொடுத்துவருகிறார். கோகுவின் மகன்களுக்கும் அவரே குரல். தி சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூனில் பத்து வயதுப் பையனான பார்ட் சிம்ப்சனுக்கு 1987 முதல் பேசிவருபவர் நான்சி கார்ட்ரைட் என்ற பெண். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: சிறுவனையே பேசவைத்தால் சில ஆண்டுகளில் அவனுக்குக் குரல் உடைந்துவிடும், பாத்திரமோ பத்து வயதிலேயே நிற்கும். மெல் பிளாங்க் என்ற ஒரே மனிதர் ஒரு முயலாகவும் ஒரு வாத்தாகவும் ஒரு பன்றியாகவும் ஒரே படத்துக்குள் சண்டையிட்டுக்கொண்டார். மேடையில் தம் உயரத்தாலோ வயதாலோ நிறத்தாலோ ஒரு வேடம் கிடைக்காமல் போனவர்களுக்கு மைக்கின் முன்னால் அந்தத் தடை இல்லை. நீங்கள் பாட்டியாகலாம், பூனையாகலாம்.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகமும் அரிசி மூட்டையும்

கணினியைத் திறப்பதற்கு முன், கையடக்கமான ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு பந்தை வரையுங்கள். அடுத்த தாளில் சற்றே கீழே, அதற்கடுத்த தாளில் இன்னும் கீழே என்று 24 தாள்கள் வரைந்து, கட்டைவிரலால் புரட்டிப் பாருங்கள். பந்து விழும் வேகம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது புரியும்: இரண்டு படங்களுக்கு இடையே உள்ள இடைவெளியே வேகம். இடைவெளி சிறியதானால் பொருள் மெதுவாகச் செல்கிறது, பெரியதானால் விரைகிறது. உச்சியில் படங்களை நெருக்கியும் தரையருகே விலக்கியும் வரைந்தால், பந்துக்கு எடை வந்துவிடும். எடை வந்ததும் அந்தக் கோட்டு வட்டத்தை உங்கள் கண் ஒரு பொருளாக ஏற்றுக்கொள்வதைக் காண்பீர்கள். இதை நான் முதன்முதலில் கண்டபோது அந்தப் புத்தகத்தை அன்று இரவு முழுவதும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம்களாக, அதாவது 24 அசையாப் படச்சட்டங்களாக ஓடுகிறது. ஆனால் 24 படங்களும் வரைய வேண்டும் என்பதில்லை. ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படங்கள் போதும், கண்ணுக்கு உறுத்தாது. பிரான்ஸ் நாட்டின் எமில் கோல் 1908இலேயே இப்படித்தான் சுமார் 700 படங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் இருமுறை படம்பிடித்து, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் கார்ட்டூனைச் செய்தார். நீங்களும் இந்தக் கணக்கையே பின்பற்றுங்கள். 20 விநாடி என்றால் 480 பிரேம்கள், அதிகபட்சம் 240 படங்கள். பாத்திரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களைக் கழித்தால் எண்ணிக்கை இன்னும் வெகுவாகக் குறையும்.

பந்துக்குப் பிறகு அரிசி மூட்டை. வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் மாவு மூட்டையை வைத்துச் செய்யும் பழைய பயிற்சி இது. கண்ணும் வாயும் இல்லாத ஒரு மூட்டை, சோர்ந்து உட்கார்வதாகவும், ஒரு சத்தம் கேட்டு நிமிர்வதாகவும் வரைய வேண்டும். நான்கு மூலைகளும் ஒரு வயிறும்தான் உங்களிடம் உள்ள கருவிகள். முகமே இல்லாமல் சோர்வைக் காட்ட முடிந்தவர், முகம் கிடைத்ததும் அதை அளவோடு பயன்படுத்துவார். இந்தப் பயிற்சிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்; இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: காட்சியைச் சிறிதாகத் தேர்ந்தெடுப்பது

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். போர்க்களம், பறக்கும் நகரம், பத்துப் பாத்திரங்கள் என்று தொடங்கி, மூன்றாவது வாரத்தில் கைவிடுவார்கள். இரண்டு பாத்திரங்கள், ஓர் அறை, ஒரு பொய். இதற்கு மேல் வேண்டாம். இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் ஊறுகாய் ஜாடி திறந்து கிடக்கிறது. பாட்டி வந்து கேட்கிறாள்: "யாருடா ஊறுகா ஜாடிய தொறந்தது?" பேரன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொல்கிறான்: "நான் இல்ல பாட்டி." ஓர் அமைதி. "பூன." இன்னோர் அமைதி. பாட்டி அவன் உதட்டோரத்தைப் பார்க்கிறாள். அவன் நாக்கை நீட்டி அதை நக்கிவிடுகிறான்.

வசனத்தை எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பாருங்கள். "ஊறுகாய் ஜாடியைத் திறந்தது யார்?" என்று எழுதிவிட்டு அதைக் குரலில் வழக்குத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், எழுத்துத் தமிழின் தாளம் ஒட்டிக்கொண்டே வரும். பாட்டி எந்த ஊர்க்காரி, பேரனை எப்படி அழைப்பாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். திருநெல்வேலிப் பாட்டியின் "ஏலே" வேறு, கொங்குநாட்டு அப்பத்தாவின் "ஏனுங் கண்ணு" வேறு, யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் "எடேய்" வேறு. இந்தத் தேர்வு பின்னால் வாய் வரையும்போது எப்படி வேலையை மாற்றுகிறது என்பதை ஆறாம் படியில் காண்பீர்கள்.

பிறகு விநாடிமானியை வைத்துக்கொண்டு காட்சி முழுவதையும் நடித்துப் பாருங்கள். அமைதிகளையும் சேர்த்து நடிக்க வேண்டும். பேசும் நேரத்தைவிட அமைதியின் நேரம் அதிகமாக வந்தால் மகிழ்ச்சியடையுங்கள்.

மூன்றாம் படி: குரலை முதலில் பதிவது

படம் வரைந்த பிறகு குரல் சேர்ப்பதா, குரல் பதிந்த பிறகு வரைவதா என்ற கேள்விக்கு உலகில் இரண்டு மரபுகள் உண்டு. அமெரிக்க ஸ்டுடியோக்களில் பொதுவாகக் குரலை முதலில் பதிந்துவிடுவார்கள். ஜப்பானில் வரைந்த படத்தைப் பார்த்துப் பிறகு பேசுவதே பெரும்பான்மை வழக்கம். இரண்டாவது முறைக்கும் அதற்கே உரிய அழகு உண்டு: 1930களில் பாப்பாய் என்ற மாலுமியின் கார்ட்டூன்களில் குரலைப் பின்னால் சேர்த்ததால், ஜாக் மெர்சர் என்ற கலைஞர் படத்தில் வாய் அசையாத இடங்களில்கூடத் தமக்குத் தோன்றியதை முணுமுணுத்தார், அந்த முணுமுணுப்பே பாப்பாயின் அடையாளமாகிவிட்டது. ஆனாலும் புதியவருக்கு நான் குரலை முதலில் பதியும் முறையையே சொல்வேன். குரல் கையில் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் கையில் இருக்கிறது.

கருவிக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம், உங்கள் கைப்பேசி போதும். அறைதான் முக்கியம். வெற்றுச் சுவர்கள் குரலைத் திருப்பி அனுப்பும். துணிகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். எனவே துணிகள் தொங்கும் அலமாரியின் கதவைத் திறந்து அதை நோக்கிப் பேசுங்கள், அல்லது ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து, தலைக்கு மேலே தடித்த போர்வையைக் கூடாரம்போல் கட்டிக்கொள்ளுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி இரண்டையும் நிறுத்த வேண்டும். என் முதல் பதிவில் விசிறியை மறந்துவிட்டு ஒரு மாலை முழுவதும் பேசினேன். காதுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. ஹெட்போனில் கேட்டபோது ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் ஓர் இரைச்சல் ஓடியது. மென்பொருளால் அதை அகற்றிப் பார்த்தேன். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அவ்வளவையும் மறுபடி பதிய வேண்டியிருந்தது. அதனால்தான் இன்றும் பேசத் தொடங்குவதற்கு முன் அரை நிமிடம் எதுவும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டே தொடங்குகிறேன். அந்த அமைதிப் பதிவைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் வசனங்களுக்கு இடையே இட்டு நிரப்ப அது தேவைப்படும்.

மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ப, ம, த போன்ற எழுத்துகளில் முதலாவதுதான் தொல்லை தரும்: "பாட்டி", "பூன" என்று சொல்லும்போது உதடு வெடித்துக் காற்று நேராக மைக்கில் அடித்து, பட்டென்ற ஒலி விழும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் இது தீரும். பதிவுச் செயலியின் அமைப்புகளில் ஒலித்தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றும், கோப்பு வகை வேவ் (WAV) என்றும் இருக்கட்டும். மிகவும் உரக்கப் பேசும் இடத்திலும் செயலியில் ஒலியளவைக் காட்டும் அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒலி வெட்டுப்பட்டுப் போனால் பிறகு எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது.

நான்காம் படி: குரலால் நடிப்பது

நின்றுகொண்டு பேசுங்கள். உட்கார்ந்தால் வயிறு மடிந்து மூச்சு குறுகும். கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். பேரனாகப் பேசும்போது கையை உண்மையாகவே முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டால், தோள் இறுகும், அந்த இறுக்கம் குரலில் விழும். வாயில் ஊறுகாய் இருப்பதாகக் காட்சி சொன்னால், நாக்குக்கு அடியில் எதையேனும் அடக்கிக்கொண்டு பேசிப் பாருங்கள்.

குரலை மாற்றுவது என்றால் தொண்டையை நெரித்துக் கீச்சிடுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். அது பத்து நிமிடத்தில் தொண்டையைப் புண்ணாக்கும், கேட்பவருக்கும் சலிப்புத் தரும். குரலின் உயரத்தை மாற்றுவதற்கு முன் மற்றவற்றை மாற்றுங்கள்: வேகம், மூச்சு விடும் இடம், சொற்களுக்கு இடையே விடும் இடைவெளி, ஒலி மூக்கில் நிற்கிறதா நெஞ்சில் நிற்கிறதா என்பது. என் பாட்டிக்கு நான் குரலை நடுங்கவைக்கவில்லை. சொல்லின் தொடக்கத்தில் சற்றுக் காற்றையும், வாக்கியத்தின் முடிவில் ஒரு சிறு பெருமூச்சையும் சேர்த்தேன். அறுபதைத் தாண்டிய பெண் வந்துவிட்டாள். வயதானவர்கள் எல்லோரும் நடுங்கிப் பேசுவார்கள் என்பது கார்ட்டூன்கள் பரப்பிய பொய். உங்கள் வீட்டிலிருக்கும் பெரியவர்களைக் கவனித்துக் கேளுங்கள், அதட்டும் குரல்களே அதிகம்.

ஒவ்வொரு வசனத்தையும் குறைந்தது ஐந்து டேக் எடுங்கள், அதாவது ஐந்து முறை தனித்தனியாகப் பதியுங்கள், ஆனால் ஒரே மாதிரி ஐந்து வேண்டாம். "பூன" என்ற ஒற்றைச் சொல்லை, இப்போதுதான் யோசித்துக் கண்டுபிடித்தவனாக ஒருமுறை, முன்பே தயாரித்துவைத்தவனாக ஒருமுறை, பூனையின்மீது உண்மையாகவே கோபம் கொண்டவனாக ஒருமுறை சொல்லுங்கள். கத்தல், இருமல், அழுகை ஆகியவற்றை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்குப் பிறகு தொண்டை பழைய நிலையில் இருக்காது. பேசும்போது வாயில் சொடுக்கு ஒலி கேட்டால் தண்ணீர் குடியுங்கள். புளிப்பான பச்சை ஆப்பிள் துண்டொன்றைக் கடித்தால் எச்சில் ஊறி அது நிற்கும் என்பது குரல் கலைஞர்கள் பலர் கைக்கொள்ளும் வழி.

பேச்சில்லாத ஒலிகளையும் மறக்காமல் பதியுங்கள்: விழுங்குதல், மூக்கை உறிஞ்சுதல், பாட்டி குனியும்போது எழும் "ம்ஹ்ம்". 2025இல் ஆஸ்கர் வென்ற லாட்வியா நாட்டு அனிமேஷன் படமான ஃப்ளோவில் ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. எல்லாம் விலங்குகளின் உண்மையான ஒலிகளே. அதிலும் கேபிபாரா என்ற பெரிய கொறிவிலங்கின் இயல்பான குரல் கீச்சென்று ஒலித்துப் பாத்திரத்துக்கு ஒவ்வாததால், அதற்கு ஓர் ஒட்டகக் குட்டியின் குரலைச் சேர்த்தார்கள். எது உண்மையான குரல் என்பதைவிட எது அந்த உடலுக்குள் அமர்கிறது என்பதே கேள்வி.

ஐந்தாம் படி: குரலைப் பிரேம்களாக எழுதுவது

தேர்ந்தெடுத்த டேக்குகளை வரிசையாக வைத்து 20 விநாடிக்கு ஒட்டுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்; அதில் நேரத்தைக் காட்டும் முறையை 24 பிரேம் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. இப்போது ஒரு தாளில் கோடுகள் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிரேம் எண் எழுதுங்கள். இதை எக்ஸ்போஷர் ஷீட் என்பார்கள். ஒலியைச் சிறிது சிறிதாக ஓடவிட்டு, எந்தப் பிரேமில் எந்த ஒலி தொடங்குகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத்தை எழுதாதீர்கள், காதில் விழும் ஒலியை எழுதுங்கள். மூச்சு வாங்கும் இடத்தைச் சிவப்பில் குறியுங்கள். இது அலுப்பூட்டும் வேலைதான், சிலருக்கு ஒரு முழு மாலை பிடிக்கும். ஆனால் ஒரு தயக்கம் 7 பிரேம்களா 19 பிரேம்களா என்று எண்ணி எழுதியவருக்கு, மனித மனம் எவ்வளவு நுண்ணிய அளவில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: தமிழ் வாயை வரைவது

இணையத்தில் கிடைக்கும் வாய் வடிவ அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்கானவை. அவற்றை அப்படியே எடுத்துத் தமிழ்க் குரலுக்கு ஒட்டினால், டப்பிங் செய்த படம்போலத் தோன்றும். நமக்கு அந்த அட்டவணை தேவையும் இல்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த வேலையை எப்போதோ செய்து வைத்திருக்கிறது. அ, ஆ இரண்டும் அங்காந்து பிறக்கும், அதாவது வாய் திறந்து. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிந்து பிறக்கும். பகரமும் மகரமும் இதழ்கள் இயைந்து பிறக்கும். வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும். அனிமேஷன் கலைஞருக்கு வேண்டிய குறிப்பே இதுதான்.

இதன்படி ஏழு வடிவங்கள் வரைந்துகொள்ளுங்கள். மூடிய வாய் ப, ம இரண்டுக்கும். நன்கு திறந்த வாய் ஆகாரத்துக்கும், பாதி திறந்தது அகரத்துக்கும் பெரும்பாலான மெய்களுக்கும். பக்கவாட்டில் விரிந்தது இ, ஈ, எ, ஏ ஆகியவற்றுக்கு. குவிந்தது உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றுக்கு. கீழுதட்டின்மேல் மேற்பற்கள் படிந்தது வகரத்துக்கு. நாக்கு நுனி பற்களருகே தெரியும் வடிவம் த, ந, ல ஆகியவற்றுக்கு. ட, ண, ள, ழ ஆகியவை நாக்கு உள்ளே மடிந்து பிறப்பவை என்பதால் வெளியே எதுவும் தெரியாது. நாம் இவ்வளவு பெருமை கொள்ளும் ழகரத்துக்கு அனிமேஷனில் தனி வாயே கிடையாது.

இனித்தான் முக்கியமான இடம். நாம் எழுதுவதுபோலப் பேசுவதில்லை, வாயும் எழுத்துக்கு அசைவதில்லை. "மரம்" என்று எழுதுகிறோம். பேச்சில் கடைசி மகரம் மூக்கொலியாகக் கரைந்துபோகிறது, உதடுகள் மூடுவதே இல்லை. அங்கே மூடிய வாயை வரைந்தால் பாத்திரம் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். நம் காட்சியில் பேரன் சொல்லும் "நான்" என்பதிலும் னகரம் அப்படித்தான் கரைகிறது. பாட்டியின் "தொறந்தது" என்ற சொல்லைப் பாருங்கள். எழுத்தில் "திறந்தது", எனவே விரிந்த வாய் என்று தோன்றும். பேச்சில் அது "தொ" ஆகி இதழ் குவிகிறது. அதே சொல்லின் இறுதியில் உள்ள "து" குற்றியலுகரம். அதன் உகரம் முழுமையாக ஒலிப்பதில்லை, இதழ் குவிவதுமில்லை. அங்கே குவிந்த வாய் வரைவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பெண் "பொண்ணு" ஆவதும், பிடி "புடி" ஆவதும், விடு "வுடு" ஆவதும் இதே வகை. பாத்திரத்தின் ஊரை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்: ஒரே வாக்கியத்தை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு வாய்களால் பேசுகிறார்கள்.

ஐயம் வரும்போதெல்லாம் மேசைமேல் ஒரு கண்ணாடியை வைத்து வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். எல்லா ஒலியையும் வரைய முயலாதீர்கள். ப, ம வரும் இடங்களில் வாய் உறுதியாக மூடியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பிரேம்கள். உயிரெழுத்துகளில் வாய் சரியாகத் திறக்க வேண்டும். இடையில் உள்ளவற்றை நழுவவிடலாம். "பூன" என்பதற்கு மூடிய வாய், குவிந்த வாய், பாதி திறந்த வாய் என மூன்று படங்கள் போதும்.

வாய் வடிவம் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம்கள் முன்னதாகவே வரலாம், பின்தங்கக் கூடாது. காரணம் எளியது: ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது, எனவே 14 மீட்டர் தொலைவில் நிற்பவர் பேசும்போது, அவர் உதடு அசைந்து ஒரு பிரேம் கழிந்த பிறகே ஒலி நம்மை எட்டுகிறது. கண் முந்துவதும் காது பிந்துவதும் நமக்கு வாழ்நாள் முழுவதும் பழகியவை. ஒலி முந்தினால் மனம் உடனே திடுக்கிடும்.

ஏழாம் படி: உடலை வரைவது

வாயை நான் இவ்வளவு விரித்துச் சொன்னாலும், வரைய வேண்டிய வரிசையில் அது கடைசி. முதலில் உடல், பிறகு தலை, பிறகு கண், பிறகே வாய். க்ரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள்கள் மூன்றும் இலவசமானவை. ஃப்ளோ படம் முழுவதும் பிளெண்டரில் செய்யப்பட்டது என்பதால், மென்பொருள் போதவில்லை என்று நம்மில் யாரும் சொல்ல இடமில்லை. கையால் வரைய விரும்புவோருக்குக் க்ரிட்டாவையே சொல்வேன், கற்பது எளிது.

ஒலியை உள்ளே ஏற்றிவிட்டு, முதலில் முக்கியமான நிலைகளை மட்டும் வரையுங்கள்: பாட்டி ஜாடியைப் பார்ப்பது, திரும்புவது, பேரன் நிமிர்வது, கண் நழுவுவது, நாக்கு நீள்வது. எட்டு அல்லது ஒன்பது படங்கள்தான். அவற்றை அந்தந்தப் பிரேமில் நிறுத்திவைத்து ஓடவிட்டால், காட்சி அப்போதே புரிய வேண்டும். புரியவில்லை என்றால் இடைப்படங்கள் எத்தனை வரைந்தாலும் புரியாது. அதன் பிறகு, முன் படத்தின் நிழல் தெரியும் ஆனியன் ஸ்கின் வசதியைப் போட்டுக்கொண்டு இடைப்படங்களை நிரப்புங்கள். தலை திரும்பும்போது நேர்கோட்டில் திரும்பாது, சற்றே தாழ்ந்து ஒரு வளைவில் திரும்பும். அந்த வளைவில்லாத தலை இயந்திரம்போல் இருக்கும். பார்வை திரும்பும்போது இடையில் ஒருமுறை கண் இமைக்கட்டும்.

சைகையை எந்தச் சொல்லில் வைப்பது என்பதிலும் தமிழுக்கென ஒரு வழி உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ஆங்கிலக் கார்ட்டூன்களைப் பார்த்துப் பழகியவர்கள் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே கையை வீசவைத்துவிடுவார்கள். தமிழ்ப் பாட்டி "யாருடா" என்பதில் கண்ணை மட்டும் உயர்த்துவாள், "ஊறுகா ஜாடிய" என்பதில் அவள் கையிலுள்ள கரண்டி ஜாடியை நோக்கும், "தொறந்தது" என்பதற்குச் சற்று முன்புதான் அந்தக் கரண்டி பேரன் பக்கம் திரும்பும். சைகை எப்போதும் சொல்லுக்குச் சில பிரேம்கள் முன்னால் தொடங்க வேண்டும், உடல் எண்ணுவது முதலிலும் வாய் சொல்வது பிறகும் என்பதால்.

முடித்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பையன் பொய் சொல்கிறான் என்பது தெரிய வேண்டும். பிறகு ஒலியை வைத்து, திரையில் வாய்ப்பகுதியை மட்டும் ஒரு காகிதத்தால் மறைத்துப் பாருங்கள். அவன்தான் பேசுகிறான் என்பது தலையிலும் தோளிலும் தெரிய வேண்டும். இரண்டில் எது தவறினாலும் வாயைத் திருத்துவதில் பயனில்லை, உடலுக்குத் திரும்புங்கள்.

எட்டாம் படி: முடித்துக் கொடுப்பது

ஜாடி மூடியின் ஒலி, தரையில் பாட்டியின் காலடி, தொலைவில் ஒரு குக்கர் விசில் ஆகியவற்றை உங்கள் சமையலறையிலேயே பதிந்து சேர்த்துவிடுங்கள். பின்னணி இசை வேண்டாம், அமைதி வேலை செய்யட்டும்.

இதன் பிறகு தொழிலாகக் கற்க விரும்புவோருக்கு அகமதாபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அனிமேஷன் பட வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது, சென்னையில் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசுத் திரைப்படக் கல்லூரியிலும் அனிமேஷன் பாடப்பிரிவு உண்டு. குரல் வழியே செல்ல விரும்புவோருக்குச் சென்னையில் டப்பிங் வேலையே பெரிய வாசல். அங்கே கணக்கு தலைகீழானது: வேறு மொழியில் ஏற்கெனவே அசைந்துவிட்ட உதடுகளுக்குத் தமிழைப் பொருத்த வேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் ப அல்லது ம வரும் சொல்லைத் தேடும் வசனகர்த்தாவின் வேலை, நீங்கள் ஆறாம் படியில் செய்ததன் மறுபக்கம். வாய்ப்புத் தருகிறேன் என்று குரல் தேர்வுக்கே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். ஒப்பந்தம் எதில் கையெழுத்திட்டாலும், உங்கள் குரலை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். எழுதப்பட்டிருந்தால், அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அடுத்த 20 விநாடியில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பேரனின் குரலை உண்மையான ஒரு சிறுவனிடமிருந்து, அவன் பெற்றோரின் சம்மதத்தோடு வாங்குங்கள். "இப்படிச் சொல்லு" என்று நீங்கள் பேசிக்காட்ட வேண்டாம், அவன் உங்களையே திருப்பிச் சொல்வான். ஜாடியில் எவ்வளவு மாங்காய் மிச்சமிருக்கிறது, பாட்டிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். அவன் "பூன" என்று சொல்வதற்கு முன் விடும் இடைவெளியை எண்ணிப் பாருங்கள். நீங்கள் நடித்தபோது விட்டதிலிருந்து அது எத்தனை பிரேம்கள் வேறுபடுகிறது என்பதை எக்ஸ்போஷர் ஷீட்டில் எழுதிக்கொண்டு, அதற்கேற்பப் படங்களை மறுபடி வரையத் தொடங்குங்கள்.